பட்டியலில் இல்லாதது

நவம்பர்ப் புயல் ஒரு பிர்ச் மரத்தைப் பிடுங்கி
என் பாதையின் குறுக்கே படுக்க வைத்துவிட்டுப் போனது.
பால் வண்டிக்காரன் ஹாரன் அடித்துப் பார்த்தான்.
மரம் நகரவில்லை.
இரண்டு பசுக்களின் பாலை
நானும் பூனையும் எத்தனை நாள் குடிக்க முடியும்?

கொட்டகையில் ரம்பம் இருக்கிறது.
சோவியத் காலத்துச் சங்கிலி ரம்பம்,
மாட்டுக்கொம்பு போல மேலே தூக்கிய கைப்பிடிகள்.
ரஷ்ய மொழியில் அதற்கு நட்பு என்று பெயர்.
சிரிக்காதீர்கள், தகட்டில் அப்படித்தான் பொறித்திருக்கிறது.

அதன் ஸ்டார்ட்டர் உடம்போடு ஒட்டியதல்ல.
மாட்டி, கயிற்றை இழுத்து, எஞ்சின் பிடித்ததும்
கழற்றி ஓரமாக வைத்துவிடலாம்.
ஆறு கடக்கும் வரைதான் அண்ணன் தம்பி.

ரெஸெக்னே நீதிமன்றத்தில்
பசுக்கள் எனக்கு, டிராக்டர் தோனாட்ஸுக்கு,
ரம்பம் எனக்கு என்று எழுதினார்கள்.
ஸ்டார்ட்டர் அன்று டிராக்டரின் சாமான் பெட்டியில் கிடந்தது.
பட்டியலில் அது இல்லை.
பதினோரு வருடம்
நான் கேட்கவில்லை, அவன் தரவில்லை.
கைரம்பத்தால் அறுத்தே
எனக்கு வலது தோள் கொஞ்சம் தணிந்துவிட்டது.

ஓடைக்கு அந்தப் பக்கம் போய்
"பால் கெடுது" என்றேன்.
வேறு எதுவும் சொல்லவில்லை.
ஒரு கம்பளிக் காலுறைக்குள் அதைப் போட்டு
எடுத்துக்கொண்டு வந்தான்.
காலுறை நான் பின்னியது. அதையும் கேட்கவில்லை.

முதல் இழுப்பில்
கயிறு வெண்ணெயிலிருந்து வருவது போல் வந்தது.
எஞ்சின் அசையவே இல்லை.
"பிளக்" என்றான்.
"பல்லு பிடிக்கல" என்றேன்.
பிளக்கைக் கழற்றினான், துடைத்தான், ஊதினான், மாட்டினான்,
சோக்கை இழுத்துவிட்டு மறுபடி இழுத்தான்.
வெண்ணெய்.
ஒன்பதாவது தடவை
ஸ்டார்ட்டரை என் பக்கம் நீட்டினான்,
முகத்தை மரத்தின் பக்கம் திருப்பிக்கொண்டு.

உள்ளே கிரீஸ் மெழுகாகி உறைந்திருந்தது.
பற்கள் இரண்டும் அதில் புதைந்து
வெளியே வர மறந்திருந்தன.
பெட்ரோலில் கழுவினேன். விரல் எரிந்தது.
ஒரு பல்லின் முனை மழுங்கியிருந்தது,
திருப்பிப் போட்டேன்.
ஸ்பிரிங் தளர்ந்திருந்தது,
கப்பியை இரண்டு சுற்று கூடுதலாகச் சுற்றும்போது
நழுவி என் கட்டைவிரலைக் கிழித்தது.
"சொன்னேனே" என்றான்.
அவன் எதையும் சொல்லியிருக்கவில்லை.

மாட்டி இழுத்தேன்.
இந்த முறை கயிறு பாதியில் கல்லாக நின்றது.
"இப்ப பிளக்" என்றேன்.
அவன் சோக் வைத்து இழுத்த பெட்ரோல் முழுவதும்
சிலிண்டருக்குள் தேங்கியிருக்கிறது.
பிளக்கை எடுத்துவிட்டு இழுக்க
துளை வழியாகத் துப்பியது,
அவன் கோட்டின் மேல்.
அப்போதும் சிரிக்கவில்லை இருவரும்.
கஷ்டமாகத்தான் இருந்தது.

பிறகு பிடித்தது.
நீலப் புகை, தகரக்கூரை அதிரும் சத்தம்,
பூனை வைக்கோலுக்குள் பாய்ந்தது.
அவன் ஸ்டார்ட்டரைக் கழற்றினான்.
கையில் வைத்துக்கொண்டு நின்றான்.
போகலாம். போகவில்லை.

அணைத்தால் திரும்ப அவன் வேண்டும் என்பதால்
நான் அணைக்கவே இல்லை.
கை மரத்தபோது அடிமரத்தில் சாய்த்து வைத்து
உறுமவிட்டேன்.
அந்தச் சத்தத்தில் பேசவும் வேண்டியதில்லை.
நான் அறுத்த துண்டுகளை
அவன் ஒரு கையால் உருட்டினான்,
மறு கையில் காலுறை.

நாலு மணிக்கு இருட்டு இறங்கியபோது
டேங்க் தீர்ந்து எஞ்சின் இருமி நின்றது.
காது அடைத்துக்கொண்டது போல் ஓர் அமைதி.
"கயிறு நைஞ்சிருக்கு, மாத்தணும்."
"ஸ்டார்ட்டர் உன்னுது."
"ரம்பம் உன்னுது."

பாதையைக் காலடியால் அளந்தான்.
பால் வண்டிக்கு இன்னும் ஒரு முழம் குறைகிறது.
நான் பெட்ரோல் டப்பாவைத் திறந்தேன்.